மும்மொழி ரயில்

மகள் வீட்டில், சீனாவின் குவாங்சோவில் இருக்கிறேன். நம் பழைய பூகோளப் புத்தகத்துக் காண்டன். "ஐயா, ஊர் சுற்றிப் பார்த்தீர்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம்.

இங்கே மெட்ரோ 1997-ல் தொடங்கியது. இன்று 600 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. கார் ஏற்பாடு செய்கிறேன் என்றார் மருமகன். வேண்டாம் என்று பேரனைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் அறிவிப்பு மூன்று மொழியில்: மாண்டரின், இந்த ஊர் மொழியான கான்டனீஸ், ஆங்கிலம். (மும்மொழி என்றதும் சண்டைக்கு வராதீர்கள்!) நாலு நிலையம் தாண்டுவதற்குள் காது பழகிவிட்டது. "அடுத்த நிலையம்" என்பது மாண்டரினில் "ஷியா யி ஜான்". கான்டனீஸில் "ஹா யாட் ஜாம்". எழுதும்போது இரண்டும் ஒன்றே. ஒலியைக் கவனியுங்கள்: அங்கே னகர ஒற்று, இங்கே மகர ஒற்று. பழைய சீனத்தில் இருந்த ப், ட், க், ம் ஆகிய ஈறுகள் மாண்டரினில் இல்லாமல் போயின. கான்டனீஸ் விடாமல் வைத்திருக்கிறது. வல்லின மெய் சொல்லுக்கு ஈறாகாது என்று உங்களுக்கு நன்னூல் நடத்தியவனுக்கு, யாட், பாட் என்று கேட்பது தனி விருந்து.

2010-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு முன், உள்ளூர் தொலைக்காட்சியை மாண்டரினுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஜூலை 25 அன்று ஜியாங்நான்ஷி மெட்ரோ நிலையத்தருகே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். 1965 நினைவிருக்கும் என் வயதுக்காரர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். ஒருநாள் அங்கேயும் இறங்கிப் பார்த்தேன். கடைகள், இளைஞர் கூட்டம், அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பர் 3-ல் குவாங்ஃபோ தடம் திறந்தார்கள். பக்கத்து நகரமான ஃபோஷானுக்குப் போகும் மெட்ரோ. இரு நகரங்களை இணைத்ததில் சீனாவுக்கே அது முதல். ஷிலாங் நிலையத்தில் (மேகாலயா அல்ல) மாறி ஏறினோம். ஊர் எல்லை எப்போது கடந்தது என்றே தெரியவில்லை.

எதிர் இருக்கையில் ஒரு பாட்டியும் பேத்தியும். பாட்டி பேசியது கான்டனீஸ்; அந்த ஈறுகளை வைத்தே கண்டுகொண்டேன். குழந்தை பதில் சொன்னது மாண்டரினில். "ஏன்டா அப்படி?" என்று பேரனிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அதுதானே தாத்தா பேசுவார்கள் என்றான். நான் கேட்டது தமிழில், அவன் சொன்னது ஆங்கிலத்தில். பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஃபோஷானில் ஜூமியாவ் நிலையத்தை ஒட்டி சோங் அரசர் காலத்துக் கோயில் இருக்கிறது. அந்த வளாகத்திலேயே குங்ஃபூ வீரர் வோங் ஃபெய் ஹுங்குக்கும், ப்ரூஸ் லீயின் குருவான இப் மானுக்கும் நினைவுக் கூடங்கள். பேரன் அங்கிருந்து கிளம்ப மறுத்தான்.

திரும்பும்போது ஒரு விளையாட்டு வைத்தேன். ஒவ்வொரு அறிவிப்பு முடிந்ததும், விட்டுப்போன நாலாவது மொழியில் அவன் சொல்ல வேண்டும். "அடுத்த நிலையம்" என்று ஷிலாங் வரை விடாமல் சொன்னான். முதலில் 'நிளையம்' என்று வந்தது. மூன்றாவது நிலையத்தில் லகரம் சரியாகிவிட்டது. ஷிலாங்கில் மாறி ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.