சராசரிக்குள் அடங்காத காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்கு, ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் என்ற எண்ணில் நம்பிக்கை கிடையாது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இரவும் பகலும் அடிக்கிற மேல்காற்றும், பிளேடு அசையாத மார்ச் மாதத்துப் பகலும் அந்த ஓர் எண்ணுக்குள் கரைந்துபோகின்றன. காற்றின் ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வினாடிக்கு 6 மீட்டர் வேகம் 9 ஆனால் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். வருடம் முழுக்க ஒரே சீராக 6 மீட்டர் வீசும் இடத்தைவிட, பாதி வருடம் 9, மீதி 3 என்று வீசும் இடமே நிறைய மின்சாரம் தரும். சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் கணவாய் இந்த இரண்டாம் வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்கும் தென்மேற்குப் பருவக்காற்று, இடைவெளி கண்ட இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. இந்தப் பக்கம் நெல்லைச் சமவெளி வெயிலில் காய்வதும் அதை இழுக்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, கம்பம் கணவாய்களிலும் இதே சங்கதிதான்.

சீசனில் திசை மாறுவது அபூர்வம். கோபுர உச்சியில் பிளேடுகளைத் தாங்கும் கூடான நாசெல் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். அக்டோபரில் மேல்காற்று தளர்ந்து, வாடை இன்னும் ஊன்றாத வாரங்களில் காற்றுக்கு நிலையில்லை. நாசெல் சுற்றிச் சுற்றித் திரும்ப, கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கேறும். ஓரளவுக்கு மேல் போனால் இயந்திரமே நின்று, எதிர்ப்பக்கம் திரும்பி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டால் சீசன் முடிந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வேலையின் கனமெல்லாம் மார்ச், ஏப்ரலில்தான். போல்ட்டுகளை அளவாக இறுக்குவது, கிரீஸ் வைப்பது, கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் பேட் என்று ஒவ்வொன்றாக முடிப்போம். திசைகாட்டும் விண்ட் வேனை மட்டும் நான் இரண்டு தடவை பார்ப்பேன். அது 10 டிகிரி தப்பாகக் காட்டினாலும் இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு மின்சாரம் போய்க்கொண்டும் இருக்கும். ஜூலையில் கண்டுபிடித்தால் உடனே ஏறிச் சரிசெய்யவும் வழியில்லை. காற்று ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் மேலே வேலை செய்ய அனுமதி கிடையாது.

இயந்திரத்துக்குச் சொன்னது மின்பாதைக்கும் பொருந்தும். துணைமின் நிலையப் பழுதுவேலையை ஜூனுக்குத் தள்ளிப்போட்டால், நன்றாக ஓடக்கூடிய காற்றாலைகளையும் அடிக்கிற காற்றில் நிறுத்திவைக்க வேண்டியதாகிறது. அந்த வேலைகளும் மே பிறப்பதற்குள் முடிய வேண்டும்.