காலடிக் கல்லும் கல்லூரிப் பாடமும்

மண்ணைப் பற்றிய கல்வி மண்ணை மிதிக்காமலேயே முடிந்துவிடுமானால், அதனால் விளையும் பயன் யாது? உத்திரமேரூர்ப் பகுதியில் பங்குப் பணியாற்றும் எனக்கு இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. 1991-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பயனாக, எத்துறை மாணவரும் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி பயிலும் நிலை உருவாயிற்று. பலருக்குப் புவியறிவியலின் முதல் அறிமுகமும் இறுதி அறிமுகமும் அதுவே.

அத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தியிடம், "நிலத்தடி நீர் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். வரையறையைப் பிழையின்றி ஒப்பித்தாள். "உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்றதும், "பூமிக்கடியில் ஆறு ஓடுகிறதே, ஃபாதர்" என்றாள்.

இக்குறை அவளுடையதன்று. உள்ளத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் எண்ணத்தைக் கேட்டறியாமல் வரையறையை ஏற்றினால், இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே தங்கிவிடும். எனவே, பேராசிரியர் விளக்குமுன் வினவவேண்டும்; மாணவர்கள் தம் விடைகளைத் தமக்குள் வாதிடவேண்டும்; பின்னர் அனைவரும் ஒரு திறந்த கிணற்றடிக்குச் செல்லவேண்டும். மேலே மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்போடிய கருங்கல். அவ்விடுக்குகளில் கசிந்து தங்குவதே நம் ஊற்று. ஏரி நிறைந்தால் கிணறு ஊறுவதன் காரணம் அங்கே கண்முன் விளங்கும். ஏரியைக் காக்க வாரியம் அமைத்த செய்தியை, பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இவ்வூரிலேயே தாங்கி நிற்கின்றன.

நூலுரையைவிடப் பாறையை நம்பிய ஒருவர் நம் திருச்சபையிலும் உண்டு. நீல்ஸ் ஸ்டென்சன், தஸ்கனியின் பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1669-இல் நூல் வெளியிட்டார். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்னும் அவரது நெறி இன்றும் முதற்பாடம். 1677-இல் ஆயரான அவர், 1988-இல் அருளாளராக உயர்த்தப்பெற்றார்.

இப்பாடத்தைப் பல இடங்களில் பிற துறை ஆசிரியர்களே நடத்துகின்றனர். பருவம் தொடங்குமுன் ஒருநாளேனும், புவியியல் அறிந்தவரோடு அவர்கள் ஏரிக்கரையிலும் கிணற்றடியிலும் நடக்கக் கல்லூரிகள் வழிசெய்யலாகாதா? அடியில் ஆறு ஓடுகிறதென்று நம்புகிறவர், வற்றிய கிணற்றருகே மேலும் ஆழமாகத் துளையிடுவார். அறிந்தவரோ ஏரியைத் தூர்வாரச் சொல்லுவார். அம்மாணவி நாளை ஊராட்சி மன்றத்தில் அமரக்கூடும்.