பனையில் தொங்கும் வீடுகள்

எங்கள் ஊர்க் கிணற்றோரப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. கட்டுவது ஆண்தான். நெல்தாளையும் பனையோலையையும் நாராகக் கிழித்துப் பின்னும். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும்; பிடித்தால்தான் மீதி வேலை. பிடிக்காத கூடு பெரும்பாலும் அரைகுறையாகவே நின்றுவிடும். எவ்வளவு உழைப்பு!

உள்ளே அப்பும் ஈரமண்ணில் மின்மினியை ஒட்டி வெளிச்சம் வைத்துக்கொள்ளும் என்பார்கள் பெரியவர்கள். அது அழகான கதை, அவ்வளவுதான். ஆனால் காற்றறிந்து கட்டும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தென்மேற்குக் காற்று நேராக அறையாத கிழக்குப் பக்கத்தில்தான் கூடுகள் அதிகம் தொங்கும்.

கிணற்றோரப் பனையை வெட்டாதீர்கள். வரவேற்பறை அழகுக்காகக் கூட்டைப் பறிக்காதீர்கள். உள்ளே குஞ்சு இருக்கலாம்.