பச்சைமலையில் ஐம்பது கிலோமீட்டர்



திருச்சிராப்பள்ளியில் வாழ்வோருக்கு வெயில் புதியதன்று. அவ்வெயிலுக்கு அஞ்சி மலை நாடுவோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பெட்டி கட்டுகின்றனர். நம் மாவட்டத்திலேயே, துறையூருக்கு அப்பால், பச்சைமலை என்றோர் எழில்மிகு மலைத்தொடர் இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இத்தொடர், திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஐந்நூறு சதுர கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கிறது. அங்குச் சென்ற சனவரித் திங்களில் நாங்கள் சென்று வந்தோம். சுற்றுலாவாக அன்று, ஓடுவதற்காக!

இக்கட்டுரையைக் கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஐம்பது வயதை நெருங்கும் எங்களுக்கு ஓட்டம் எப்படி வந்தது என்று கேட்கலாம். குருதியில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னபோது காவிரிக் கரையில் நடக்கத் தொடங்கினோம். நடை மெல்ல ஓட்டமாயிற்று. அவ்வழியே ஓடும் குழுவினரோடு அறிமுகம் ஏற்பட்டு, முக்கொம்புச் சாலையில் வாரந்தோறும் அவர்களோடு ஓடலானோம். குழுவின் தலைவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். அவர்தாம் ஒருநாள், "பச்சைமலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடுவோமா?" என்று கேட்டார்.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கி.மீ. அதற்கு மேற்பட்டதை நெடுந்தொலை ஓட்டம் என்பர். இவ்வகையில் புகழ்பெற்றது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக 1921-இல் அது தொடங்கியது. ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவை ஓட அவ்வாண்டு புறப்பட்டோர் 34 பேர். ஓடி முடித்தோர் 16 பேரே. 1923-இல் பிரான்சிஸ் ஹேவர்டு என்னும் பெண்மணி, பெண் என்பதால் பெயர்ப் பதிவு மறுக்கப்பட்டும், தாமாகவே ஓடி முடித்தார். பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள அவ்வோட்டத்துக்கு 1975 வரை ஆயிற்று. இச்செய்தியை ஐயா சொன்னபோது எங்களுள் மனைவி இருமுறை கேட்டறிந்தார்.

காட்டில் மனம் போனபடி ஓடிவிட முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத் தீயில் சிக்கி உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகளை வகுத்தது. எனவே உரிய அனுமதி பெற்று, சிற்றூர்களை இணைக்கும் சாலைகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலுமே ஓடுவதென முடிவு செய்தோம். ஐயா இரண்டு கட்டளைகள் இட்டார். ஒன்று, எவரும் தனியே ஓடலாகாது. மற்றொன்று, மாலை ஐந்து மணிக்குள் அனைவரும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஞாயிறு திருப்பலிக்கு ஊர் திரும்பும் வண்ணம் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

வெள்ளியன்று துறையூரிலிருந்து அடிவாரத்துச் சோபனபுரம் வழியாக மலையேறி, டாப் செங்காட்டுப்பட்டியில் தங்கினோம். செங்காடு என்னும் பெயருக்கேற்ப மண் எங்கும் சிவந்திருந்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பதினொருவர் புறப்பட்டோம். இருபத்தைந்து கி.மீ. கொண்ட சுற்றை இருமுறை ஓட வேண்டும். கடுங்குளிர், மூச்சு புகையாய் வெளிவந்தது. பொழுது புலரப் புலர, மூடுபனிக்குள்ளிருந்து மரவள்ளிக் காடுகளும் முந்திரித் தோப்புகளும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்ட காட்சி சொல்லுந்தரமன்று. பலாவுக்குப் பேர்போன மலை இது. எனினும் நாங்கள் சென்றது பழக்காலம் அன்று. மரங்கள் பிஞ்சோடு நின்றன.

இம்மலையின் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரென எண்ணிவிட வேண்டா. மலையை ஆள்வோர் என்பதே பொருள். தாய்மொழி தமிழே. முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் வழியினர் தாங்கள் என்று அவர்களிடையே கதை வழங்குகிறது. சாமையும் நெல்லும் மரவள்ளியும் விளைவிக்கின்றனர். மேட்டில் நாங்கள் மூச்சு வாங்க நடந்தபோது, தலையில் விறகுக் கட்டோடு வந்த ஒரு மூதாட்டி எங்களைக் கடந்து சென்றார். "எங்கே கண்ணு இப்படி ஓடறீங்க? பஸ்ஸைத் தவற விட்டுட்டீங்களா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

நெடுந்தொலை ஓட்டத்தில் மேட்டில் நடப்பதே முறை. இறக்கத்தில் எவரும் விரைவாய் ஓடலாம், ஆபத்தும் அங்கேதான். ஒவ்வோர் அடியிலும் உடலின் கனத்தைத் தாங்கித் தடுத்து நிறுத்துபவை தொடையின் முன்புறத் தசைகள். அவை நைந்துபோனால் பின்னர் மன உறுதி மட்டும் உதவாது. இதனை ஐயா பலமுறை எச்சரித்திருந்தார். ஆயினும் எங்களுள் கணவர், இளைஞர்களோடு போட்டியிட்டு இறக்கங்களில் பாய்ந்தோடினார். மனைவியோ சீராக, அரைமணிக்கு ஒருமுறை கடலை மிட்டாயும் உப்பிட்ட உருளைக்கிழங்கும் உண்டு, அளவாய் நீர் பருகி வந்தார். பத்து மணிக்கு முதற்சுற்று முடிந்தபோது கணவரே முன்னால் நின்றார். அந்தப் பெருமை இரண்டு மணி நேரம் கூட நிலைக்கவில்லை.

முப்பத்தாறாம் கிலோமீட்டரில், ஒரு சிற்றூரின் ஓரத்தில், அவர் கால்கள் மடங்கின. தொடைகள் கல்லாய் இறுகிவிட்டன. மற்றவர்கள் முன்னே சென்றுவிட்டிருந்தனர். கடைசியாக வந்த ஐயாவும் நாங்களும் மட்டுமே இருந்தோம். ஐயா அவருடைய விரல்கள் வீங்கியுள்ளனவா, பேச்சுத் தெளிவாக உள்ளதா என்று பார்த்தார். உப்பின்றி நீரை மட்டும் மிகுதியாய்க் குடித்தால் குருதியில் உப்பு நீர்த்துப்போய், குழப்பமும் மயக்கமும் வரும். அதற்காகவே அச்சோதனை. "அப்படி ஒன்றும் இல்லை, சார். தசைதான் போய்விட்டது. இதற்கு மேல் உங்களுக்கு ஓட்டம் வேண்டாம்" என்றார்.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அவரை அமர்த்தினார். மனைவியும் அருகில் அமர்ந்தார். "நானும் நின்றுவிடுகிறேன் ஐயா" என்றார். இல்லறத்தில் இத்தகைய நேரத்தில் மனைவி சொல்லும் சொல் இதுவே என்று நாம் அனைவரும் எதிர்பார்க்கிறோம் அல்லவா? கணவரும் அவ்வாறே எதிர்பார்த்தார் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். ஆனால் சொல்லிவிட்டு, மனைவி தம் காலணியின் கயிற்றை அவிழ்க்கவில்லை. அதைக் கணவர் கண்டார்.

மணமானபோது பட்டப் படிப்பின் இறுதி ஆண்டை அவர் பாதியில் விட்டார். பிறகு மாமியாரின் நோய், பிள்ளைகளின் பள்ளி என்று ஒவ்வொன்றுக்காகவும் ஒவ்வொன்றைப் பாதியில் விட்டார். அதை ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததாலேயே வீட்டில் எவரும் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தத் திண்ணையில் கணவருக்கு அது நினைவு வந்தது.

"இதையும் பாதியில் விடாதே. நீ போ" என்றார் அவர். "உங்களை இப்படி விட்டுவிட்டா?" என்று மனைவி கேட்டார். "எனக்குத் திண்ணை இருக்கிறது" என்று சொல்லித் தம் பையில் மீதியிருந்த உருளைக்கிழங்கை எடுத்து அவரிடம் கொடுத்தார். பெரியவரிடம் சொல்லிவிட்டு ஐயா எழுந்தார், இருவரும் புறப்பட்டனர்.

பெரியவர் உப்பிட்ட சாமைக் கஞ்சி கொடுத்தார். சாலை வருமுன் மலையிலிருந்து நோயாளிகளை எவ்வாறு கீழே கொண்டுசென்றனர் என்று பேச்சு வந்தது. "கம்புல தூளி கட்டித் தூக்கிட்டுப் போவோம், தம்பி. நாலு பேர் தூக்கினா நாலு பேர் கூடவே நடப்பான். தூக்கறவன் கால் தளர்ந்தா அடுத்தவன் தோள் கொடுப்பான். தளர்ந்தவன் ஒதுங்கிக்கணும், தூளி நிக்கக்கூடாது" என்றார் அவர். தோல்வியால் கசந்திருந்த உள்ளத்துக்கு அக்கஞ்சியைக் காட்டிலும் இச்சொல் இதமளித்தது எனலாம்.

மூன்று மணியளவில் பெரியவரின் பேரன் தன் மோட்டார் சைக்கிளில் கணவரைச் செங்காட்டுப்பட்டியில் கொண்டுவந்து விட்டான். காத்திருப்பது எளிதன்று என்பதை அன்று அவர் கற்றுக்கொண்டார். நான்கு மணிக்குச் சற்றுப் பின், செம்மண் படிந்த கால்களோடு மனைவியும் ஐயாவும் வளைவில் தெரிந்தனர். நாற்பதாம் கிலோமீட்டரில் தாம் அழுததாகவும், ஐயா அதைக் காணாதவர் போல் முன்னே நடந்ததாகவும் மனைவி பின்னர்ச் சொன்னார். பத்து மணி நாற்பது நிமிடம், ஐம்பது கிலோமீட்டர். பதினொருவரில் முடித்தோர் எண்மர்.

மறுநாள் கோவில் படிகளில் இருவருமே பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. கண்டோர் சிரித்தனர், நாங்களும் சிரித்தோம். தொலைநிலைக் கல்விக்கான விண்ணப்பம் ஒன்று இப்போது எங்கள் மேசை மீது இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்பர்களே, ஓடத்தான் வேண்டும் என்பதில்லை. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ச் செல்லும் நம் மக்களுக்கு நெடுவழி புதியதா என்ன? குடும்பத்தோடு ஒருமுறை பச்சைமலைக்குச் சென்று வாருங்கள். துறையூரிலிருந்து பேருந்து உண்டு. நெகிழிப் பைகளை மலையில் விட்டு வராதீர்கள். திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் நின்று பேசுங்கள். உடன் வருபவரின் கால் தளர்ந்தால் தோள் கொடுங்கள். தங்கள் கால் தளர்ந்தால் அவர்களை முன்னே அனுப்பிவையுங்கள். இரண்டாவது கடினம். அதையும் பழகிக்கொள்ளலாம்.