ஏழு பவுண்டு காற்று

தமிழ் படித்தவனுக்கு டீசல் எஞ்சினில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நேரடியாக ஒரு வேலையும் இல்லைதான். என் தங்கையின் கணவர் பழனியிலிருந்து கொடைக்கானல் மலைக்கு உரமூட்டையும் மளிகையும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்துக் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் பூண்டையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுவருகிறவர். அவரிடம் இருப்பது இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு மகிந்திரா பிக்கப். இரண்டரை லிட்டர் டீசல், டர்போ இல்லாதது. அதற்கு டர்போ பொருத்துவதா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய ஓராண்டு நடந்தது. புது வண்டி என்றால் பத்து லட்சத்தை ஒட்டிய தொகை வேண்டும். கையில் இருந்ததோ சீட்டு எடுத்த 45,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் ஒரு வண்டியை இன்னும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மலையேற வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மலைப்பாதையில் டீசல் வண்டிகள் கரும்புகை கக்குவதைப் பலரும் பார்த்திருப்போம். பராமரிப்புக் குறைவு என்று முகம் சுளித்திருப்போம். பாதி உண்மைதான் அது. பழைய எஞ்சினில் டீசலை அளந்து தரும் பம்புக்கு உயரம் தெரியாது. பழனி அடிவாரத்தில் எவ்வளவு தந்ததோ அதையேதான் 2,100 மீட்டர் உயரத்திலும் தரும். ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எரிய வேண்டிய டீசலில் ஒரு பகுதி காற்றின்றிக் கரியாக வெளியேறுகிறது. நாம் காணும் புகை, எஞ்சின் உண்ண முடியாமல் துப்பிய சோறு. இழுவை வேண்டும் என்று ஓட்டுநர் மேலும் மிதித்தால் புகைதான் கூடும், வண்டி நகராது.

பட்டறைக்காரர்கள் இதை ஒரே சொற்றொடரில் சொல்லிவிடுகிறார்கள்: 'வண்டி மூச்சு வாங்குது.' எனக்கு அந்தப் பட்டறைத் தமிழின் மேல் அப்போதுதான் ஈடுபாடு வந்தது. வண்டி டீசல் குடிக்கும், ஆயில் தின்னும், மேட்டில் திணறும், சூடேறினால் முனகும். எஞ்சினை ஓர் உடம்பாகவே பாவிக்கும் மொழி அது. அதற்குள்ளேயே ஹெட், கேஸ்கட், மேனிபோல்டு, சம்ப் என்று அயற்சொற்களும் நெருடலின்றி நடமாடுகின்றன. தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை நால்வகைப்படுத்தியபோது திசைச்சொல்லுக்கும் இடம் வைத்தார். பட்டறைக்குள் நுழைந்தவனுக்கு அந்த இடத்தின் அருமை விளங்கும். எங்கள் துறை நண்பர் ஒருவர் டர்போவுக்குச் 'சுழலூதி' என்று பெயர் சூட்டலாம் என்றார். நல்ல சொல்தான். மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சார்" என்றார்.

சுழலூதியின் கருத்து எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தானே போகிறது. அதன் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். உயரத்தோடு இதற்குள்ள உறவு 1918-இல் நன்கு புலப்பட்டது. அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர், விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோய், 14,000 அடி உயரத்தில் டர்போவோடு இயக்கிக் காட்டினார். மெலிந்த காற்றில் இழந்த ஆற்றலை எஞ்சின் திரும்பப் பெற்றது. மலையேற டர்போ தேவை என்று நிறுவுவதற்காக, டர்போ இல்லாத லாரி ஒன்று மூச்சிரைத்து மலையேறியிருக்கிறது!

நாங்கள் போய்ச் சேர்ந்த மெக்கானிக் எழுபதை நெருங்கியவர். மாப்பிள்ளை தம் விருப்பத்தைச் சொன்னதும் அவர் டர்போவைப் பற்றிப் பேசவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அந்த வழியே புகை குபுகுபுவென்று அடிக்கும். 'பேக் அடிக்குது' என்பார்கள். தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ வைப்பது ஆஸ்துமாக்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போன்றது. நல்லவேளையாக இந்த எஞ்சினைப் பிரித்து வேலை செய்து மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "காத்துக்குக் காசு கெடையாது சார். அந்தக் காத்தைத் தாங்குறதுக்குத்தான் காசு."

குறைந்த செலவில் டர்போ என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்பது என் கணிப்பு. டர்போ ஒன்றின் விலையை விசாரித்துவிட்டு அதுவே மொத்தச் செலவு என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. சாதாரண டர்போவில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. எஞ்சினின் ஆயில் அழுத்த வழியிலிருந்து ஒரு குழாய் அதற்குப் போக வேண்டும். போன ஆயில் தன் எடையாலேயே வழிந்து சம்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் குழாய் பருமனாகவும் எங்கும் மேடேறாமல் சரிந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் தேங்கி, காற்றுவழிக்குள் கசிந்து, நீலப் புகையாக வெளிவரும். சம்பைக் கழற்றி ஆயில் மட்டத்துக்கு மேலே துளையிட்டுக் குழாய் பற்றவைக்கவே ஒரு நாள் ஆனது.

அதற்கெல்லாம் முன்னே என் தங்கை குறுக்கிட்டாள். அவளுக்கு எஞ்சின் தெரியாது, மலை தெரியும். "ஏற முடியலைன்னா வண்டி நின்னுரும், அவ்வளவுதானே அண்ணே? எறங்கும்போது நிக்கலைன்னா?" என்றாள். யாரும் பதில் பேசவில்லை. பழனிப் பாதை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். இறங்கும்போது ஒன்றரை டன் காய்கறி பின்னிருந்து தள்ளும். டர்போ அப்போது எந்த உதவியும் செய்யாது. கீழ்க் கியரில் எஞ்சின் பிடிப்பதும் பிரேக் பிடிப்பதும்தான் துணை. எனவே சீட்டுப் பணத்தில் முதல் 11,000 ரூபாய் பிரேக்குக்குப் போயிற்று: நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங், பின்சக்கர டிரம் கடைசல், வீல் சிலிண்டர்கள். மாப்பிள்ளைக்கு வருத்தம்தான். "மச்சான், பணம் கண்ணுக்குத் தெரியாத எடத்துக்கே போகுது" என்றார். என்னைக் கேட்டால், அந்த 45,000 ரூபாயில் மிக நன்றாகச் செலவானது அந்த 11,000-தான்.

சட்டமும் குறுக்கே நின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. ஊரில் 'யாரு பானெட்டைத் திறந்து பாக்கப் போறா?' என்பார் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் திறந்து பார்க்கும். அதனால் இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே ஸ்பேனரைத் தொட்டோம். என்ன பதில் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவருக்கு வந்த பதில் மற்றவருக்குச் சட்டமாகிவிடாது. இப்படி எண்ணுகிறவர்கள் தாமே எழுதிக் கேட்பதே முறை.

இதே இரண்டரை லிட்டர் எஞ்சினுக்குப் பின்னாளில் நிறுவனமே டர்போ வைத்து வண்டிகளை விற்றது. ஆகவே கழிக்கப்பட்ட ஒரு பொலேரோவின் டர்போவும் மேனிபோல்டும் 14,000 ரூபாய்க்குக் கிடைத்தன. வாங்கப் போனபோது நானும் உடன் சென்றேன். மெக்கானிக் அங்கிருந்த நான்கையும் எடுத்து, சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாமாம். முன்பின்னாகக் கைக்குத் தெரியும் ஆட்டம் கூடவே கூடாதாம். இறகுகளின் ஓரத்தை நகத்தால் வருடினார். மூன்றை ஒதுக்கிவிட்டு நான்காவதை எடுத்துக்கொண்டார். சுவடிகளைப் பார்த்துப் பாடம் தேர்ந்தவர்கள் இப்படித்தான் தடவிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அழுத்தம் எவ்வளவு என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஏழு பவுண்டு, அதற்கு மேல் இல்லை. டயருக்குக் காற்றடிக்கும் கடையின் கணக்குத்தான் இது. ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. கடல்மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் 14.7. கொடைக்கானல் உயரத்தில் அது பதினொன்றரை அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஏழைச் சேர்த்தால் பதினெட்டரை. மலை பறித்துக்கொண்டதைத் திருப்பித் தந்து, மேலே சிறிது கொசுறும் கிடைக்கிறது. கூடுதலாக ஏற்றினால் டர்போவுக்கென்று வார்க்கப்படாத பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் தாங்கா. டீசல் பம்பின் திருகை மிகச் சிறிதே திருப்பி, கம்பி கட்டிச் சீல் வைத்துவிட்டார். பல வண்டிகள் அழிவது அந்தத் திருகால்தானாம். இழுவையின் ருசி கண்டவன் கை அங்கேதான் போகும். டீசல் மிகுந்தால் புகையின் சூடு 700 பாகைக்கு மேல் போய் அலுமினியப் பிஸ்டன் உருகும். அதற்காக ஒரு வெப்பமானியும் வைத்தார். 650 என்ற இடத்தில் தங்கையின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. வண்டி பறக்கவில்லை. முன்பு இரண்டாம் கியரில் உருண்ட மேடுகளை மூன்றாவதில் ஏறுகிறது. கரும்புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. மேலே போய்ச் சேர அரைமணி நேரம் மிச்சம். அந்த அரைமணி, ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை விழுவதற்கு முன் இறக்கிவிட உதவுகிறது. டீசல் செலவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆயில் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் மாற்றியாக வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது. அணைத்தால் ஆயில் வரத்து நின்று, சூடான தண்டில் இருப்பது கரியாக இறுகிவிடும். ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். இரவு வாசலில் வண்டி அப்படி உறுமிக்கொண்டு நிற்கும் நேரத்தில் தங்கை எழுந்து விளக்கைப் போட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுகிறாள்.