சிவப்பு ரெயின்கோட்

பேய்க்கு என்ன கலர்?

நம்மூரில் யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் ‘வெள்ளை’ என்பார்கள். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொஞ்சம் புகை, தூரத்தில் கொலுசுச் சத்தம். கறுப்பு வெள்ளை சினிமாவில் இருட்டுக்கு நடுவே எடுப்பாகத் தெரிய வெள்ளையைவிடச் சௌகரியமான நிறம் ஏது? கலர் வந்த பிறகும் நம் பேய்கள் புடவையை மாற்றிக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று.

நான் சொல்ல வந்தது சிவப்பைப் பற்றி.

‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ (1999) பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவின் புறநகரில் வளர்ந்த எம். நைட் ஷ்யாமளனை உலகத்துக்குக் காட்டிய படம். முதல் முறை பார்த்தபோது எல்லோரையும் போல நானும் கடைசியில் ‘அட!’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் சிவப்பு கண்ணில் பட்டது. புரூஸ் வில்லிஸ் திறக்கப் பார்த்துத் திறக்க முடியாமல் நிற்கிற கதவின் குமிழ் சிவப்பு. பிறந்தநாள் பார்ட்டியில் மாடிப்படிக்கு மேலே மிதந்து போகும் பலூன் சிவப்பு. அந்தப் பையனின் ஸ்வெட்டர் சிவப்பு. பயந்து போய் அவன் ஒளிந்துகொள்கிற கூடாரம் சிவப்பு. இறந்த சிறுமியின் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் இருண்ட உடையில் இருக்க, ஒரே ஒருத்தி மட்டும் சிவப்பில் நிற்கிறாள். செத்தவர்களின் உலகம் இந்த உலகத்தை எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் பளிச்சென்று சிவப்பு வரும், மற்ற இடங்களில் வராது. இது அவர்களே வைத்துக்கொண்டு, பிறகு அவர்களே வெளியில் சொன்ன விதி.

இது நேர்மையான சிவப்பு. ரயில்வே சிக்னல் மாதிரி. விளக்கு எரிந்தால் ஆபத்து, நாம் கவனிக்கவில்லையென்றால் தப்பு நம்மேல்தான்.

ஆனால், பொய் சொல்கிற சிவப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு 26 வருஷம் முன்னால் போக வேண்டும். ‘டோன்ட் லுக் நவ்’, 1973. இயக்கியவர் நிக்கோலஸ் ரோக். (முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. பார்க்க உத்தேசித்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.)

ரோக் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1964-ல் ரோஜர் கார்மனின் ‘தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்’ படத்துக்கு கேமரா அவர்தான். எட்கர் ஆலன் போவின் கதை. நிறத்துக்கு ஒன்றாக அறைகள், அவற்றினூடே சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு மரணம் நடந்து வரும். ஒன்பது வருஷம் கழித்து அதே சிவப்பை எடுத்து ஒரு சின்னப் பெண்ணுக்கு மாட்டிவிட்டார்.

படத்தின் ஆரம்பம் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீடு. வெளியே குளக்கரையில் மகள் சிவப்பு ரெயின்கோட்டோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். பையன் சைக்கிள் ஓட்டுகிறான். உள்ளே அப்பா ஜான், வெனிஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஸ்லைடில் பெஞ்சில் யாரோ சிவப்பு முக்காட்டோடு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே சைக்கிள் சக்கரத்தில் கண்ணாடி உடைகிறது. உள்ளே தண்ணீர் டம்ளர் தட்டிவிடப்பட்டு ஸ்லைடின் மேல் கொட்டுகிறது. அந்தச் சிவப்பு மெள்ளக் கரைந்து படம் பூராவும் பரவுகிறது. ஜானுக்கு என்னவோ உறுத்த, எழுந்து ஓடுகிறார். குளத்திலிருந்து மகளைத் தூக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

டாஃப்னி டு மாரியர் எழுதிய மூலக்கதையில் குழந்தை மூளைக்காய்ச்சலில் இறக்கிறாள். கதையே வெனிஸில்தான் ஆரம்பிக்கிறது. குளம் சினிமாவுக்காகச் சேர்த்தது. அதனால் முதல் சில நிமிஷத்துக்குள் நமக்கு ஒரு பாடம் நடந்து முடிந்துவிடுகிறது. சிவப்பு என்றால் அந்தக் குழந்தை.

கவனியுங்கள். நிறங்களுக்குப் பொது அகராதி எதுவும் கிடையாது. நமக்குச் சிவப்பு, குங்குமம். வேறு யாருக்கோ புரட்சி. பஸ் டிரைவருக்கு பிரேக். ஒரு நல்ல திகில் படம் தன் அகராதியைத் தானே எழுதி, நம் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கதையை ஆரம்பிக்கும்.

அடுத்து வெனிஸ். குளிர்காலம், சீஸன் முடிந்த ஊர். சாம்பல் ஆகாயம், காரை பெயர்ந்த சுவர்கள், பாசி நிறத் தண்ணீர். ஜான் அங்கே ஒரு பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கிற வேலையில் இருக்கிறார். டொனால்ட் சதர்லேண்ட் நடித்திருப்பார். மனைவி லாராவாக ஜூலி கிறிஸ்டி. பார்வையில்லாத ஒரு பெண்மணி லாராவிடம், “உங்கள் மகள் உங்களுக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்கிறாள்” என்கிற மாதிரி சொல்ல, லாரா நம்புகிறாள். ஜான் நம்பவில்லை. ஆனால், ஜானின் கண்ணில்தான், ஒரு கால்வாய் ஓரத்தில், பாலத்துக்கு அப்பால், குட்டியாக ஒரு சிவப்பு ஓடி மறைகிறது.

ஊரில் வரிசையாகக் கொலைகள் வேறு நடந்துகொண்டிருக்கின்றன.

கடைசியில் அந்தச் சிவப்பைத் துரத்திக்கொண்டு ஜான் ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் போகிறார். மூலையில் முதுகைக் காட்டி நின்று விசும்புகிறது. பயப்படாதே என்று பரிவோடு நெருங்குகிறார். திரும்புகிறது. குழந்தை இல்லை. குள்ளமான ஒரு கிழவி. கையில் வெட்டுக்கத்தி.

இன்னொரு நிறமும் இருக்கிறது. நடுவில் ஒருநாள், ஊருக்குப் போயிருக்க வேண்டிய மனைவி, கறுப்பு உடையில் ஒரு படகில் எதிரே போவதைப் பார்க்கிறார் ஜான். போலீஸுக்கு ஓடுகிறார். ‘இவள் எப்படி இங்கே?’ என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார். ‘யாருக்காகக் கறுப்பு உடுத்தியிருக்கிறாள்?’ என்று மட்டும் ஒருமுறை கூட யோசிக்கவில்லை. அது அவருடைய சவ ஊர்வலம்தான். வரப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டார். பார்க்கத் தெரிந்த மனிதருக்குப் படிக்கத் தெரியவில்லை.

இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, எனக்கு ஜான்மேல் எரிச்சல்தான் வந்தது. குளத்திலிருந்து தன் கையாலேயே தூக்கிய மகள், இன்னொரு தேசத்தில் சந்து சந்தாக ஓடிக்கொண்டிருப்பாள் என்று படித்த மனுஷன் நினைப்பானா?

பிறகு, என் அப்பா இறந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வருகிறேன். முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். காப்பிப்பொடி நிற மஃப்ளர், காதை மூடித் தலையைச் சுற்றி, முனையை இடதுபக்கம் செருகி. அப்பாவிடம் அதே போல ஒன்று உண்டு. ஊட்டியில் வாங்கியது. அப்போது அது எங்கள் வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருந்தது. அன்று காலையில் சட்டை எடுக்கும்போது கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

எல்லாம் தெரியும். தெரிந்தும் பின்னாலேயே போனேன். ரங்கநாதன் தெருவில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. அவர் மெதுவாக நடந்தால் நானும் மெதுவாக. தெருமுனையில் அவர் சட்டென்று திரும்பி, “என்ன சார், என்ன வேணும்?” என்றார்.

யாரோ ஒருவர். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எனக்கு வாயில் வந்தது, “மணி என்ன ஆச்சு?”

என் கையில் வாட்ச் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “ஏழே கால்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி ஜான்மேல் இருந்த எரிச்சல் போயிற்று. விமர்சகர்கள் அந்தச் சிவப்புக்கு ரத்தம், அபாயம், சாவு என்று அர்த்தம் எழுதுவார்கள். எல்லாம் சரிதான். ஜானுக்கு மட்டும் அதில் எதுவும் இல்லை. அவருக்கு அது மகளின் ரெயின்கோட், அவ்வளவுதான். ரோக் அந்தத் துக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, அதையே தூண்டில் புழுவாக மாட்டியிருக்கிறார். கத்தியைவிட அதுதான் பயங்கரம். அத்தனை பெரிய சாம்பல் நிற ஊரில் ஒரு துளி சிவப்பு போதுமாக இருந்தது. அறிவு வேண்டாம் என்றது, கால் போயிற்று.

நல்ல திகில் படம் பார்க்கிறபோது முதல் பத்து நிமிஷம் எந்த நிறம் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, பாத்திரம் அந்த நிறத்தில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று பாருங்கள். பேய் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

மஃப்ளர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. மார்கழியில் முன்னால் யாராவது காப்பிப்பொடி நிறத்தில் போனால், இப்போதெல்லாம் நான் பின்தொடர்வதில்லை. கொஞ்சம் பின்தங்கி நடக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது, அதுதான்.