கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

எங்கள் ஆனைமலையில் நியாயம் கேட்டு வருகிறவர்கள் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைப்பார்கள். போன ஏப்ரலில் நானும் அரைத்திருப்பேன், வீட்டு கம்ப்யூட்டருக்காக!

நார் மில்லுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. மாதா மாதம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தண்டம். 18-ம் தேதி ராத்திரி, பாதிக் கணக்கில் பொட்டென்று அணைந்தது மெஷின். மறுபடி போட்டால் பத்தே நிமிஷம்... பொட்!

மெக்கானிக் வந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சுங்க. ஒம்பதாயிரம் ஆகும்!"

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, கொழந்தைக்குக் காய்ச்சல்னா மொதல்ல தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கறோம். இதுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்களா?"

இருக்கிறது! ப்ராசஸருக்குள்ளேயே வெப்பம் பார்க்கும் சென்சார் உண்டு. வோல்டேஜைக் கவனிக்க போர்டில் தனியாக ஒரு சிப். அவை சொல்வதைக் காட்ட இலவச சாஃப்ட்வேரும் கிடைக்கிறது. போட்டுப் பார்த்தேன். ப்ராசஸர் 96 டிகிரி. 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 7.9. வேறொரு இடத்தில் 127 டிகிரி! எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

மோட்டார் காயில் கட்டும் நண்பன் மல்டிமீட்டரோடு வந்தான். மஞ்சள் வயரில் வைத்தான். 12.1!

"மாப்ளே, 11.4-ல இருந்து 12.6 வரைக்கும் பயமே இல்ல."

"அப்ப இந்த 7.9?"

"அந்தச் சிப்பு 12 வோல்ட்டை நேரா வாங்காது. குறைச்சுத்தான் குடுப்பாங்க. சாஃப்ட்வேர் அதைத் திருப்பிப் பெருக்கிக் காட்டும். பெருக்கற கணக்கு உன்ற போர்டுக்குத் தப்பா இருந்தா நம்பரும் தப்பு. 127 காட்டற இடத்துல சென்சாரே மாட்டியிருக்க மாட்டாங்க!"

"அப்ப 96-ம் பொய்யா?"

"பயாஸ்ல போய்ப் பாரு."

பார்த்தேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 84. இது பொய்யில்லை!

மூடியைக் கழற்றினோம். ஃபேனுக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் நார்த்தூசு மெத்தையாக அடைத்திருந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வேலை செய்திருக்கிறது, பாவம்! நூறு டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தாங்காவிட்டால், கருகாமல் இருக்க, தானே அணைந்துவிடும். நான் கோளாறு என்று நினைத்தது தற்காப்பு!

பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதினோம். ப்ராசஸர் மேல் புது பேஸ்ட். அதே கணக்கு வேலை, இப்போது 58 டிகிரி. 20-ம் தேதி சாயங்காலம் ரிட்டர்ன் போயாச்சு!

ஒன்று புரிந்தது. திரையில் வரும் நம்பரைப் பார்த்து மிரளவும் கூடாது, அலட்சியம் செய்யவும் கூடாது. மெஷின் நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துவிட வேண்டும். அப்போதுதான் காய்ச்சல் வரும்போது வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம் பெருமையாக மனைவியிடம் விளக்கினேன். "மில்லுப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கன்னு பத்து வருஷமாச் சொல்றேன். காதுல வாங்குனீங்களா?" என்றாள்.

அந்தச் சூட்டை அளக்கத்தான் இன்னும் சென்சார் வரவில்லை!